ஊசிக்கல்பாளையத்து டொக்கு

ஊசிக்கல்பாளையத்தில் எந்தச் சத்தமும் தனியாகக் கேட்காது. வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடுகிற ஊர் அது. தறிச்சத்தத்துக்குள்தான் அங்கே பிள்ளைகள் பிறந்தன, தறிச்சத்தத்துக்குள்தான் தூங்கின, மாமியாரும் மருமகளும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது என்கிற தைரியத்தில் கொஞ்சம் கூடுதலாகவே திட்டிக்கொண்டார்கள், வெளியூர்க்காரர்கள் வந்தால் காதைப் பொத்திக்கொண்டார்கள், உள்ளூர்க்காரர்கள் வெளியூர் போனால் அமைதி தாங்காமல் தலைவலியோடு திரும்பி வந்தார்கள். அதனால் ஆவணி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை பத்து மணி நாற்பத்திரண்டு நிமிடத்துக்கு, கல்யாண மண்டபத்தின் மாடிப்படியில் இந்திராணியின் கையிலிருந்து கேமரா நழுவி விழுந்தபோது அது ஒருவர் காதிலும் விழவில்லை. மறுநாள் அதே நேரத்துக்குத்தான் அது ஊர் முழுக்கக் கேட்டது.

இந்திராணிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. வசந்தாமணியின் ஸ்டுடியோவில் எட்டு வருஷமாக வேலை. ஆல்பம் ஒட்டத்தான் முதலில் வந்தாள். சீர், வளைகாப்பு என்று பெண்கள் கூடுகிற காரியங்களுக்கு "அந்தம்மணியவே அனுப்புங்க" என்று வீடுகளில் கேட்கத் தொடங்கிய பிறகு வசந்தாமணி பழைய கேமராவை அவள் கையில் கொடுத்தாள். புதிய கேமராவையும், அதற்கென்று வாங்கிய முழங்கை நீள லென்ஸையும் அவள் யாரிடமும் கொடுத்ததில்லை. அந்த லென்ஸைக் கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்த அன்று, துண்டில் சுற்றி மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்தபடி பஸ்ஸில் வந்தவளைப் பார்த்து, பக்கத்து சீட்டு அம்மாள் "எத்தன மாசமுங்க கொழந்தைக்கு?" என்று கேட்டாள் என்பது ஸ்டுடியோவில் அடிக்கடி சொல்லிச் சிரிக்கிற கதை.

அந்த வியாழக்கிழமை வசந்தாமணி காய்ச்சலில் படுத்திருந்தாள். கல்யாணமோ பெரிய வீட்டுக் கல்யாணம். படுத்தபடியே சாவியை எடுத்து நீட்டினாள்.

"புதுசையே எடுத்துட்டுப் போ, இந்திராணி."

பத்திரம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பின்னாளில் இந்திராணிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

முகூர்த்தம் முடிந்து, பந்தி நடந்துகொண்டிருந்த நேரம். இந்திராணி அன்று அரக்கு நிறத்தில் புதுப்பட்டு கட்டியிருந்தாள். மணப்பெண்ணின் அத்தை ஒருத்தி அவளை ஏற இறங்கப் பார்த்து, "பட்டு உனக்கு நெம்ப எடுப்பா இருக்குது அம்மணி, அந்தக் கேமரா வாருதான் தோள்ள கெடந்து மடிப்பைக் கெடுக்குது" என்றாள். இந்திராணி வாரைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது. மாடிப் பந்தியிலும் நாலு படம் எடுக்கச் சொன்னார்கள் என்று ஏறினாள், எதிரே சாம்பார் வாளியோடு ஒருவர் இறங்கினார், ஒதுங்கினாள், கை வேர்த்திருந்தது. கேமரா கல்படியில் லென்ஸ் கீழாக விழுந்து, ஒரு படி உருண்டு நின்றது. கீழே தவில் உச்சத்தில் இருந்தது. சாம்பார்க்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எடுத்துப் பார்த்தாள். லென்ஸின் முன்கண்ணாடி மூன்றாகப் பிளந்து நின்றிருந்தது. ஆட்டினால் உள்ளே ஏதோ உருண்டது. விழும்போது பொத்தான் தானாகவே அமுங்கி, கேமரா ஒரு படம் எடுத்திருந்தது: மண்டபத்து ட்யூப் லைட்டுகள் கோடுகோடாக இழுபட்ட படம், ஓரத்தில் நேரம், பத்து நாற்பத்திரண்டு. இந்திராணி அந்தப் படத்தை அழித்தாள். பையிலிருந்த சின்ன லென்ஸை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய், சாப்பிடுகிறவர்களைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தாள். அவளும் சிரித்தாள்.

மூன்று மணிக்கு ஸ்டுடியோவுக்குத் திரும்பியபோது வசந்தாமணியின் அப்பா நஞ்சப்பன் மட்டும் இருந்தார். நாற்பது வருஷம் தறி ஓட்டியவர். தறியை விட்டபோது உடம்பு வீட்டுக்கு வந்துவிட்டது, கை மட்டும் வரவில்லை. அது இரவும் பகலும் தறியின் கூடவே ஆடிக்கொண்டிருந்தது. ஆடுகிற அந்தக் கையோடுதான் தினமும் வெடியால, காலை வேளையில், ஸ்டுடியோவிலுள்ள கேமராக்களையெல்லாம் மஞ்சள் துணியால் துடைத்து வைப்பார். புதுசை மட்டும் தொடாதீங்கப்பா என்று மகள் சொல்லியிருந்தாள். மகள் பார்க்காதபோது அதையும் துடைப்பார், மற்றதைவிட நன்றாகவே துடைப்பார்.

"நல்லபடியா ஆச்சா அம்மணி?"

"ஆச்சுங்க பெரியப்பா."

பையை அலமாரியில் வைத்துவிட்டு இந்திராணி வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் அவள் சொல்லிவிடுகிற எண்ணத்தோடுதான் வந்தாள். அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சுங்க என்று ஆரம்பிப்பது, பிறகு எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்வது என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்து ஸ்டுடியோ வாசலில் செருப்பைக் கழற்றியபோது, உள்ளே நஞ்சப்பன் பையைத் திறந்து அந்த லென்ஸை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். அப்போது அந்தச் சத்தம் வந்தது. முதலில் கனமாக ஒரு டொக்; ஒரு மூச்சு விடுகிற இடைவெளி; பிறகு கண்ணாடி சிலீரென்று விடுகிற சின்னச் சத்தம்; பிறகு எதுவோ ஒரு படி உருண்டு நிற்பது. தறிகள் நிற்கவில்லை. சாமி வந்து ஆடுகிற பெண்ணுக்குக் கூட்டம் விலகுவதுபோலத் தறிச்சத்தம் விலகி அதற்கு வழிவிட்டது.

நஞ்சப்பன் குனிந்து பார்த்தார். அவர் கையில் லென்ஸ் இருந்தது, லென்ஸில் விரிசல் இருந்தது, கை ஆடிக்கொண்டிருந்தது. பின்கட்டிலிருந்து வசந்தாமணி போர்வையோடு ஓடிவந்தாள்.

"என்னங்கப்பா விழுந்துச்சு?"

நஞ்சப்பன் மகளைப் பார்த்தார், லென்ஸைப் பார்த்தார்.

"நாந்தான் கண்ணு. போட்டு ஒடச்சுப்போட்டேன்."

"நாந்தான் தொடாதீங்கன்னு சொன்னனல்லங்கப்பா" என்றாள் வசந்தாமணி. திட்டுகிற குரல் இல்லை அது. காய்ச்சலில் சோர்ந்த குரல். சொல்லிவிட்டு லென்ஸை அவர் கையிலிருந்து வாங்கி மேஜைமேல் வைத்தாள், மேஜைக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். வாசலில் ஒரு செருப்பு காலிலும் ஒரு செருப்பு கையிலுமாக இந்திராணி நின்றாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் அப்படியே வாய்க்குள் இருந்தன. அவள் விழுங்கினாள்.

சனிக்கிழமை அதே நேரத்துக்குச் சத்தம் மறுபடியும் வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அது அந்த வீட்டுக்குள்ளேயே, அடுத்த அறையில் விழுந்ததுபோலக் கேட்டதால் முதல் வாரம் முழுக்க ஊர் தேடுவதிலேயே போனது. பெண்கள் பரணில் ஏறிப் பார்த்தார்கள், கட்டிலுக்கடியில் விளக்குமாற்றை விட்டுத் துழாவினார்கள், பூனைகள் அநியாயமாக அடி வாங்கின, பாத்திரங்களை எண்ணிப் பார்த்த ஒரு வீட்டில் முன்பு இருந்ததைவிட ஒரு டம்ளர் கூடுதலாக இருந்து அது யாருடையது என்று இன்னொரு சண்டை வந்தது. இரண்டாவது வாரம் தாலுகா ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து, பத்து நாற்பத்திரண்டு வரை காத்திருந்து, கேட்டு, பதிவேட்டில் "சத்தம் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

மூன்றாவது வாரத்திலிருந்து ஊர் அதைப் புழங்கத் தொடங்கியது. அதற்கு டொக்கு என்று பேர் வந்தது. தறிக்குடோன்களில் டொக்கு கேட்டதும் டீக்கு விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் மணியடிக்கிற வேலை ஒன்று குறைந்தது. டவுன் பஸ் டிரைவர், டொக்கு கேட்காமல் வண்டியை எடுப்பதில்லை என்று ஒரு விரதம்போல வைத்துக்கொண்டார். அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு, "டொக்குக்கு எறக்கிப்போடு" என்று சொல்லிவிட்டுப் பெண்கள் தண்ணிக்குப் போனார்கள். முகூர்த்த நேரம் குறிக்கிறவர், அது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று இரண்டு நாள் யோசித்து, தினமும் வருவது சகுனமாகாது என்று தீர்ப்புச் சொன்னார். டொக்கு விழுகிற நேரத்தில் மாரியம்மன் கோயில் தெருவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அழாமல், எங்கே விழுந்தது என்று தேடுவதுபோலக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது என்று சொன்னார்கள்.

அப்புறம் இன்னொன்றும் நடந்தது. எத்தனை நாள் கேட்டாலும் அந்தச் சத்தம் கேட்டதும் மனசு ஒரு கணம் திடுக்கென்று, ஐயோ, நான் எதைப் போட்டேன் என்று பின்னால் ஓடியது; ஓடி, எப்போதோ போட்டதைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தது. டீ நேரத்தில் இந்தப் பேச்சாகவே இருந்தது. பாப்பாத்தி என்கிற மருமகள், இருபது வருஷத்துக்கு முன்னால் ஊறுகாய் ஜாடியை உடைத்துத் தோட்டத்தில் புதைத்ததை மாமியாரிடம் சொன்னாள். "தெரியும் போ. கத்திரிச்செடிக்குக் குழி தோண்டறப்பவே ஓடு வந்துச்சு" என்றாள் மாமியார். தலைமையாசிரியர் தன் அண்ணனின் மூக்குக்கண்ணாடியைச் சின்ன வயதில் மிதித்துவிட்டு நாயின்மேல் பழி போட்டதைப் பிரேயரிலேயே சொன்னார். ஒரு தறிக்காரர் வண்டி எடுத்துக்கொண்டு நாற்பது மைல் போய், தன் பழைய சிநேகிதனின் ரேடியோவைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்தார். சொன்னவர்களெல்லாம் முகம் கழுவியதுபோல இருந்தார்கள். எல்லோரும் சொல்வதை இந்திராணி கேட்டுக்கொண்டிருந்தாள். "உனக்கு ஒண்ணுமில்லயா அம்மணி?" என்று கேட்டவர்களிடம், "சின்ன வயசுல ஒரு பொம்மைங்க" என்றாள்.

முதல் நாள் சொல்லியிருந்தால் உடைத்ததை மட்டும் சொல்லியிருக்கலாம். இரண்டாம் நாள் சொல்லியிருந்தால் முதல் நாள் சொல்லாமல் நின்றதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாரம் போனால் ஒரு வாரத்தையும், ஒரு மாதம் போனால் ஒரு மாதத்தையும், நடுவில் அந்த வீட்டில் வாங்கிக் குடித்த காப்பியை, கோயம்புத்தூர் மெக்கானிக் லென்ஸைப் பார்த்துக் கையை விரித்துவிட்டான் என்று வசந்தாமணி வந்து சொன்னபோது "அடக்கடவுளே" என்று தான் சொன்னதை, எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தினமும் சத்தம் கேட்கிற நேரத்துக்கு இந்திராணி எங்கே இருந்தாலும் கழுத்திலிருந்து காதுவரை சூடேறியது. ஊரெல்லாம் நேரம் பார்த்தது. அவள் தன் கையைப் பார்த்தாள்.

நஞ்சப்பனின் கை அந்த நாட்களில் வெளியே வருவது நின்றுபோனது. கேமராக்களைத் துடைப்பதை அவர் விட்டார். மகளும் துடைக்கச் சொல்லவில்லை. காப்பி டம்ளரைக் கையில் எடுக்காமல் மேஜையில் வைத்தபடியே குனிந்து உறிஞ்சினார். சவரத்துக்கு ஆள் வைத்துக்கொண்டார். தெருவில் போகும்போது இரண்டு கையையும் துண்டுக்குள் விட்டுக்கொண்டார், யாராவது பிள்ளையைத் தூக்கச் சொல்லி நீட்டினால் இரண்டடி பின்னால் போனார். டொக்கு கேட்கும்போது கைகளை அக்குளில் வைத்து இறுக்கிக்கொண்டு, அது முடிகிறவரை கண்ணை மூடிக்கொண்டார்.

ஏனென்றால் ஊருக்கு அது அவருடைய சத்தம். முதல் நாள் லென்ஸ் அவர் கையிலிருந்து விழுந்து உடைந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதில் யாருக்கும் கோபமில்லை, பிரியம்தான் இருந்தது. "நஞ்சப்பண்ணா, இன்னைக்கும் போட்டுட்டீங்களாட்ட இருக்குது" என்று டீக்கடையில் சிரித்தபடி கேட்பார்கள். அவரும் சிரிப்பார். ஒரு நாள் இந்திராணி ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்தபோது, அவர் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்டார்:

"அம்மணி, ஒண்ணு கேட்டா சொல்லுவயா? அன்னைக்கு அது எங் கையவுட்டுக் கீழ விழுந்த மாதிரியே எனக்கு நெனப்பில்ல. கையிலதான இருந்துச்சு. ஆனாச் சத்தம் கேட்டுச்சல்லோ? கை ஆடறது போதாதுன்னு எனக்குப் புத்தியும் ஆடிருச்சாட்ட இருக்குது."

இந்திராணி படத்தின் பின்பக்கம் பசை தடவிக்கொண்டிருந்தாள். தடவிய இடத்திலேயே மறுபடியும் தடவினாள்.

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க பெரியப்பா" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அந்தப் படத்தை அவள் கோணலாக ஒட்டினாள். பிய்க்கவும் முடியவில்லை.

கார்த்திகை மாதம் டொக்கின் நூறாவது நாள் வந்தது. பஞ்சாயத்துத் தலைவி சரசாள் எதையும் விழாவாகச் செய்கிறவள். கடிகாரத்தில் பேட்டரி தீர்ந்தாலும் நேரம் தவறாத ஊர் என்று நம்மைப் பக்கத்து ஊர்க்காரன் பேசுகிறான், அதைக் கொடுத்த மனுஷனுக்கு ஒரு பொன்னாடையாவது போடவேண்டாமா என்றாள். நஞ்சப்பன் வேண்டாம் என்றார். வசந்தாமணியும் வேண்டாம் என்றாள். அன்போடு பிடிவாதம் பிடிக்கிற ஊரிடம் வேண்டாம் என்பது செல்லாது. பள்ளிக்கூட மைதானத்தில் மேடை போட்டு, "ஊருக்கு நேரம் தந்த நஞ்சப்பன் அவர்களுக்குப் பாராட்டு" என்று பேனர் கட்டினார்கள். பேச்சு எல்லோருக்கும் கேட்கவேண்டும் என்று அரை மணி நேரம் ஊரிலுள்ள தறிகளையெல்லாம் நிறுத்துவதென்றும் முடிவாயிற்று.

அப்பாவுக்குப் பக்கத்தில் மேடையில் உட்கார வேண்டியிருந்ததால் வசந்தாமணி கேமராவை இந்திராணியிடம் கொடுத்தாள்.

"நல்லாப் புடி. அப்பா சிரிக்கற மாதிரி ஒண்ணாவது கெடைக்கோணும்."

பத்தரை மணிக்குத் தறிகள் நின்றன. அந்த ஊர் அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை. காக்கை சிறகடிப்பது கேட்டது, யாரோ வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொள்வது கேட்டது, கைக்குழந்தைகள் பயந்துபோய் அழுதன. சரசாள் மைக்கில்லாமலே பேசினாள். பேசி முடித்துப் பொன்னாடையை விரித்துக்கொண்டு நஞ்சப்பனை நோக்கி வந்தாள். இந்திராணி மேடைக்கு ஓரமாக ஏறி, கேமராவைக் கண்ணில் வைத்தாள்.

கேமராவுக்குள் நஞ்சப்பன் மட்டும் தெரிந்தார். எழுந்து நின்றிருந்தார். தோளில் பொன்னாடை விழுந்தது. அதை வாங்கிப் பிடித்துக்கொள்ளக் கையை வெளியே எடுக்கவேண்டும், எடுக்கவில்லை. துண்டுக்குள்ளேயே இரண்டு கையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஆடின. பொன்னாடை சரிந்து கீழே விழுந்தது. கூட்டம் அன்பாகச் சிரித்தது. "போட்டுட்டாருடோய்" என்று யாரோ சொன்னார்கள். நஞ்சப்பனும் சிரித்தார். வசந்தாமணி கேட்ட சிரிப்பு கேமராவுக்குள் அப்படியே இருந்தது, விரலை அமுக்கினால் போதும்.

இந்திராணி கேமராவை இறக்கினாள்.

"பெரியப்பா, நீங்க போடலீங்க" என்றாள். அவரிடம் மட்டும்தான் சொன்னாள், வீட்டுக்குள் பேசுகிற குரலில்தான் சொன்னாள். தறிகள் நின்றிருந்ததால் கடைசி வரிசைவரை கேட்டது. "நாந்தானுங்க போட்டேன். அதுக்கு முந்துன நாளே, மண்டபத்துப் படியில. ஒடஞ்சதப் பையில வெச்சு, அலமாரில வெச்சுட்டு, ஆச்சுன்னு சொல்லிட்டுப் போயிட்டனுங்க."

நஞ்சப்பன் சிரிப்பு முகத்திலேயே இருக்க அவளைப் பார்த்தார்.

"அன்னைக்கு வெடியால நீ வாசல்ல நின்னயல்லோ?"

"நின்னனுங்க."

"நாஞ் சொன்னது கேட்டுச்சல்லோ?"

"கேட்டுச்சுங்க."

"அப்பறம் ஒரு நாள் நானா வந்து கேட்டனே, புத்தி ஆடிருச்சான்னு."

அவர் காத்திருந்தார். ஊரும் காத்திருந்தது. அப்புறம் நஞ்சப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்து பொன்னாடையை எடுத்து நாற்காலியின்மேல் வைத்துவிட்டு, மேடையை விட்டு இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தார். வசந்தாமணி இந்திராணியின் எதிரே வந்து கையை நீட்டினாள். "குடு" என்றாள். கேமராவை வாங்கிக்கொண்டு அப்பாவின் பின்னால் போனாள்.

மேடையில் சரசாளுக்கு இப்போது ஒரு சிக்கல். விழாவைப் பாதியில் விடுவது அவளுக்குப் பழக்கமில்லை. முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் மெல்லிய குரலில், அதனால் எல்லோருக்கும் நன்றாகக் கேட்கும்படி, ஆலோசித்தார்கள். போட்டது இந்தம்மணி என்றால் நேரம் தந்ததும் இந்தம்மணிதானே, அப்படியானால் பொன்னாடை நியாயப்படி யாருக்கு என்றார் ஒருவர். தப்புச் செய்தவளுக்கா என்றார் இன்னொருவர். நாம் தப்புக்கா போடுகிறோம், சத்தத்துக்கல்லவா போடுகிறோம் என்றார் முதலாமவர். முகூர்த்தம் குறிக்கிறவர் இரண்டு பக்கமும் தலையாட்டினார். இந்திராணி மேடை நடுவில், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாத வெறுங்கையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்விடலாம் என்று காலுக்குத் தோன்றியது. வாசலில் அன்று வாய் திறக்காமல் நின்று தப்புச் செய்தோம், இன்று ஓடினால் அதைவிடத் தப்பாகும் என்று நினைத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் சரசாள் பொன்னாடையை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள்.

அப்போது மணி பத்து நாற்பத்திரண்டு. சொல்லிவிட்டாளே, இனி அது வராது என்று பாதிப்பேர் நினைத்திருந்தார்கள், இந்திராணியும் நினைத்தாள். டொக்கு வந்தது. கனமாக விழுந்து, மூச்சு விட்டு, கண்ணாடி சிலிர்த்து, ஒரு படி உருண்டு நின்றது. தறிச்சத்தம் இல்லாததால் அதன் பின்னால் யாருக்கும் இதுவரை கேட்காத ஒன்றும் கேட்டது: ஒரு பெண் மூச்சை உள்ளுக்கு இழுத்து, வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிற சத்தம். எல்லோரும் இந்திராணியைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து தறியை ஓட்டப் போனார்கள்.

மறுநாளிலிருந்து அவள் ஸ்டுடியோவுக்குப் போகவில்லை. போகவேண்டாம் என்று யாரும் சொல்லவும் இல்லை. தறி மெக்கானிக்கான அவள் கணவன் ராசு, "எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமல்ல" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டுவிட்டான். பஞ்சாயத்து ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர், நீலத்துணி கட்டி ஒரு மூலையில் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். இந்திராணி அங்கே போனாள். வருகிறவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்து, கேமராவைப் பார்க்காமல் அவள் கையைப் பார்த்தார்கள்.

ஊர் தன் பேச்சைத் திருத்திக்கொண்டது. முன்பு நஞ்சப்பன் டொக்கு என்றவர்கள் இந்திராணி டொக்கு என்றார்கள். நீளமாக இருக்கிறது என்று நாளாக நாளாக டொக்கை விட்டார்கள். "இந்திராணி ஆச்சா?" என்று மணி கேட்டார்கள். "இந்திராணிக்குள்ள வந்துரு" என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் மளிகைக் கடையில் நிற்கும்போதே, அவள் அங்கே நிற்பது தெரியாமல், "இன்னும் இந்திராணி விழல, அதுக்குள்ள என்ன பசி?" என்று ஒரு தாய் பிள்ளையை அதட்டினாள். முதலில் ஒவ்வொரு தடவையும் முகத்தில் வெந்நீர் ஊற்றியதுபோல இருந்தது. தை போய் மாசி வந்தது. தினமும் இருநூறு வாய்கள் ஒரு பேரைச் சொன்னால் அந்தப் பேரும் தேயும்போல; ஒரு நாள் பஸ்ஸுக்கு ஓடும்போது அவளே பக்கத்தில் வந்த பெண்ணிடம், "இந்திராணி ஆயிருச்சுங்களா?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் தெரிந்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. "இப்பத்தானுங்க ஆச்சு, ஓடுங்க" என்றாள்.

நஞ்சப்பனும் வசந்தாமணியும் அவளிடம் பேசவில்லை. தெருவில் எதிரே வந்தால் நஞ்சப்பன் பார்ப்பார், போவார். கை வெளியே வந்துவிட்டது என்பதை மட்டும் அவள் தூரத்திலிருந்து பார்த்தாள். டீக்கடையில் டம்ளரைக் கையில் எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் சிந்தியது. சிந்தாதபடி யாரும் பிடிக்க வரவில்லை, அவரும் கேட்கவில்லை. வசந்தாமணி அவர் கையில் மஞ்சள் துணியை மறுபடியும் கொடுத்தபோது அழுதாள் என்று யாரோ சொன்னார்கள். தொடாதீங்கன்னு சொன்னனல்ல என்று அன்று தான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை அவளும் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள்.

பங்குனியில் ஒரு மத்தியானம், ஜெராக்ஸ்காரர் சாப்பிடப் போயிருந்த நேரம், நஞ்சப்பன் கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"முதியோர் அட்டைக்குப் போட்டோ வேணும்."

சொந்த வீட்டில் ஸ்டுடியோ இருக்கிறவர் இங்கே ஏன் வந்தார் என்று இந்திராணி கேட்கவில்லை. கேமராவை எடுத்தாள். அவர் நேராகப் பார்த்தார். எடுத்தாள்.

"இன்னொண்ணு எடு. கையும் வரோணும்."

"அட்டைக்கு மொகம் மட்டும் போதுமுங்க பெரியப்பா."

"அட்டைக்கு எடுத்தாச்சல்லோ. இது எனக்கு."

இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கி, உள்ளங்கை தெரியும்படி பிடித்தார். கைகள் ஆடின. இந்திராணி கொஞ்சம் பின்னால் நகர்ந்து எடுத்தாள். திரையில் பார்த்தால் முகம் தெளிவாக இருந்தது, நரைத்த மீசையின் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. கைகள் இருந்த இடத்தில் மட்டும் ஓடுகிற மின்விசிறிபோலக் கலங்கலாக இருந்தது.

"கை அசைஞ்சு போச்சுங்க. வேற எடுக்கறனுங்க" என்றாள்.

"வேண்டாம். அது அசையற கைதான்." எழுந்து வந்து பக்கத்தில் நின்று படத்தைப் பார்த்தார். "அசையும். ஆனாக் கீழ போட்டதில்ல அம்மணி. எனக்கே அது மறந்துபோகற மாதிரி பண்ணிட்டயே."

"தப்புத்தானுங்க பெரியப்பா."

"தப்புத்தான்" என்றார் அவரும்.

இயந்திரத்திலிருந்து படம் வந்தது. இந்திராணி நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கி, சட்டைப் பைக்குள் வைக்கப் போய், வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அக்கா எப்படியிருக்காங்க?"

"அத அவகிட்டப் போய்க் கேளு. அவகிட்ட நீ இன்னும் ஒண்ணுஞ் சொல்லல. மேடையில எங்கிட்டச் சொன்ன, ஊருக்குக் கேட்டுச்சு. நடுவுல நின்னு நாஞ் சொல்ல மாட்டேன்."

படத்தைப் பிடித்தபடி வெயிலில் இறங்கிப் போனார். ஜெராக்ஸ்காரர் வரும்வரை இந்திராணி காத்திருந்தாள். வந்ததும், வெளியே போய்விட்டு வருவதாகச் சொல்லிவிட்டு ஸ்டுடியோவுக்கு நடந்தாள். வசந்தாமணி தரையில் ஆல்பத்தை விரித்துப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள், புடவை முழுக்கப் பசை. வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து வேலையைத் தொடர்ந்தாள். தொடர்ந்தபடியே, பக்கத்தில் இறைந்துகிடந்த படங்களைக் கையால் ஒதுக்கி ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் செய்தாள்.

இந்திராணி உள்ளே வந்தாள். உட்காரவில்லை.

"அக்கா, நின்னுக்கிட்டே சொல்லிர்றனுங்க" என்று தொடங்கினாள்.